ஒரே செயலி, நாலு போனில் நாலு விதம் ஏன்?

கேள்வி: அம்மா இருக்கும் மகளிர் சுய உதவிக் குழுவின் சேமிப்பு, உள்கடன் கணக்கை எழுத ஆண்ட்ராய்டில் ஒரு செயலி செய்தேன். என் போனில் (ஆண்ட்ராய்டு 12) எல்லாம் சரியாக ஓடுகிறது. அம்மாவின் போனில் (5.1) நிறுவவே முடியவில்லை, பேக்கேஜைப் படிப்பதில் சிக்கல் என்று வருகிறது. குழுத் தலைவியின் போனில் (7.0) நிறுவ முடிகிறது, ஆனால் தவணைத் தேதிப் பொத்தானைத் தொட்டால் உடனே மூடிக்கொள்கிறது. சேமிப்புப் பொத்தானில் நான் வைத்த நாணய எமோஜியும் அதில் வெறும் கட்டமாகத் தெரிகிறது. பக்கத்து வீட்டு அக்கா புதிதாக வாங்கிய போனில் (15) எல்லாம் ஓடுகிறது. தவணை நினைவூட்டல் மட்டும் வருவதே இல்லை. பழைய போன்களில் நினைவகம் போதாது, அதனால்தான் என்கிறார்கள் தோழிகள். அப்படியானால் புதுப் போனில் ஏன் தகராறு? ஒவ்வொரு ஆண்ட்ராய்டு பதிப்புக்கும் தனித்தனியாகச் செயலி எழுத வேண்டுமா?

– கணினிப் பயன்பாட்டியல் இரண்டாம் ஆண்டு மாணவி, விருதுநகர்

பதில்: "அப்படியானால் புதுப் போனில் ஏன் தகராறு?" என்று கேட்டீர்களே, அந்த ஒரு வரியே தோழிகளின் விளக்கத்தை உடைத்துவிடுகிறது. நல்ல கேள்வி. நினைவகம் போதாத போனில் செயலி திறக்க நேரமாகும், திக்கித் திக்கி நகரும், வேறொன்றைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் முதலிலிருந்து தொடங்கும். ஒவ்வொரு முறையும் குறிப்பிட்ட ஒரே பொத்தானில் போய் விழாது. பதினைந்து பேர் உள்ள குழுவில் ஆளுக்கு மாதம் ஒரு வரி என்று பத்து வருஷம் எழுதினாலும் மொத்தம் 1,800 வரிதான். அம்மாவின் போன் அதைச் சிரமமில்லாமல் தாங்கும்.

தனித்தனிச் செயலிகளும் தேவையில்லை. ஒன்றே போதும். ஆனால் அந்த ஒன்று எங்கே இருக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம், ஏனென்றால் நீங்கள் எழுதிய செயலியில் பாதிகூட நீங்கள் அனுப்பிய கோப்புக்குள் இல்லை.

கல்யாணச் சமையலுக்கு வரும் மாஸ்டரை நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பக்குவமும் மசாலாவும் அவருடையவை. அடுப்பும் அண்டாவும் மண்டபத்தினுடையவை. எந்த மண்டபத்தில் என்ன பாத்திரம் இருக்கிறது என்பதைப் பொறுத்து அவர் வேலை நடக்கும், அல்லது நிற்கும். செயலியும் அப்படித்தான். பொத்தான் வரைவது, தேதி கணக்கிடுவது, அறிவிப்பு காட்டுவது எல்லாம் போனுக்குள் ஏற்கெனவே இருக்கும் நிரல்களின் வேலை. உங்கள் செயலி அவற்றைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. இப்படிக் கூப்பிடத்தக்க பெயர்களின் பட்டியலை ஏபிஐ என்கிறோம். ஒவ்வொரு ஆண்ட்ராய்டு பதிப்பும் இந்தப் பட்டியலில் புதிதாகச் சிலவற்றைச் சேர்க்கிறது. அதை அடையாளம் காட்ட ஓர் எண் உண்டு, அதுதான் ஏபிஐ நிலை. ஆண்ட்ராய்டு 5.1-க்கு 22, 7.0-க்கு 24, 12-க்கு 31, 15-க்கு 35.

இதை நீங்களே கண்ணால் பார்க்கலாம். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவை நிறுவியபோது உங்கள் கணினியில் 'ஆண்ட்ராய்டு.ஜார்' என்றொரு கோப்பும் வந்திருக்கும். அந்தப் பட்டியலில் உள்ள வகுப்புகளும் செயல்களும் பெயர் பெயராக அதில் இருக்கும். ஏதாவது ஒரு செயலின் உள்ளே போய்ப் பாருங்கள். வேலை செய்யும் நிரல் எதுவும் இராது, 'ஸ்டப்!' என்று பிழையை எறியும் ஒரு வரி மட்டும் இருக்கும். அதாவது அது வெறும் பெயர்ப் பலகை. கம்பைலர், அதாவது நீங்கள் எழுதியதைப் போன் புரிந்துகொள்ளும் வடிவத்துக்கு மாற்றும் கருவி, இந்தப் பெயர்ப் பலகையை மட்டும் சரிபார்த்துவிட்டு 'சரி' என்கிறது. உண்மையான நிரல் ஒவ்வொருவர் போனிலும், அந்தந்தப் பதிப்புக்கு ஏற்றபடி இருக்கிறது. கணினியில் பிழையே இல்லாமல் உருவான செயலி தலைவியின் கையில் மூடிக்கொள்வது இதனால்தான்.

உங்கள் திட்டத்தின் கிரேடில் கோப்பில் மூன்று எண்கள் இருக்கும். கிரேடில் என்பது செயலியைக் கட்டித்தரும் கருவி. பாடப் புத்தகங்களில் இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போய்விடுவதால் மாணவர்கள் குழம்புகிறார்கள். தகராறு செய்யும் மூன்று போன்களையும் வைத்தே அவற்றைப் பார்த்துவிடலாம். முதல் எண்ணான கம்பைல்எஸ்டிகே, எந்தப் பதிப்பின் பெயர்ப் பலகையைப் பார்த்துக் கம்பைல் செய்வது என்பதைச் சொல்கிறது. அது உங்கள் கணினியோடு முடிந்துவிடும் விஷயம்; போனில் அதனால் எதுவும் மாறாது. ஆகவே இருப்பதிலேயே புதியதை வைத்துக்கொள்ளலாம்.

அம்மாவின் போனை நிறுத்தியது மின்எஸ்டிகே. இதற்குக் கீழே உள்ள பதிப்புகளில் என் செயலியை நிறுவாதே என்று நீங்களே எழுதிக்கொடுத்த எல்லை அது. புதுத் திட்டம் தொடங்கும்போது ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ தானாக 24 என்று வைத்திருக்கும், நீங்களும் மாற்றாமல் விட்டிருப்பீர்கள். அம்மாவின் போன் 22. செயலிக் கோப்பின் முகப்பில் 24 என்று படித்ததும் போன் ஒதுங்கிக்கொண்டது. அது காட்டும் வாசகம் கோப்பு கெட்டுப்போனதுபோல ஒலிப்பதால் பலரும் வாட்ஸ்அப்பில் மறுபடி மறுபடி அனுப்பிப் பார்ப்பார்கள். போனைக் கம்பியில் கணினியோடு இணைத்து, கட்டளை அனுப்பும் கருவியான ஏடிபி வழியாக நிறுவிப் பாருங்கள். 'இன்ஸ்டால் ஃபெயில்டு ஓல்டர் எஸ்டிகே' என்று காரணத்தை நேராகவே சொல்லிவிடும்.

தலைவியின் போன் 24, அதனால் உள்ளே விட்டது. ஆனால் தேதியைக் கையாள நீங்கள் 'ஜாவா.டைம்' தொகுப்பின் வகுப்புகளைப் பயன்படுத்தியிருப்பீர்கள் என்பது என் ஊகம். லோக்கல்டேட் என்ற வகுப்பு நினைவிருக்கிறதா? அது ஆண்ட்ராய்டு 8.0-இல், அதாவது ஏபிஐ நிலை 26-இல் வந்தது. 7.0-இல் அப்படியொன்று கிடையாது. பொத்தானைத் தொடும்வரை யாரும் அதைக் கூப்பிடுவதில்லை, அதனால் அதுவரை எல்லாம் நன்றாக இருக்கிறது. தொட்டதும் போன் அந்த வகுப்பைத் தேடும், கிடைக்காது, செயலி விழும். லாக்கேட்டில், அதாவது போன் தன் நடவடிக்கைகளை வரிவரியாக எழுதும் குறிப்பேட்டில் பாருங்கள். 'நோ கிளாஸ் டெஃப் ஃபவுண்ட் எரர்' என்ற வரியும் அருகிலேயே லோக்கல்டேட் பெயரும் இருக்கும். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ இதை முன்பே எச்சரித்திருக்கும். அந்த வரியின் கீழே சிவப்புக் கோடு போட்டு, 'இதற்கு 26 தேவை, உங்கள் எல்லை 24' என்று காட்டியிருக்கும். அந்தச் சிவப்புக் கோட்டை மறைத்துவிடும் குறுக்குவழியும் அங்கேயே இருக்கிறது. தயவுசெய்து அதை எடுக்காதீர்கள். மற்றவர்களின் போன்களுக்காகக் குரல் கொடுப்பது அந்த ஒரு கோடுதான்.

இதற்கு இரண்டு தீர்வுகள் உண்டு. முதலாவது, போனின் பதிப்பைக் கேட்டுப் பார்த்து வழி பிரிப்பது. 'பில்ட்.வெர்ஷன்.எஸ்டிகே_இன்ட்' என்ற மதிப்பு, செயலி ஓடும் போனின் ஏபிஐ நிலையைத் தரும். அது 26 அல்லது மேல் என்றால் புதிய வழி, இல்லையென்றால் பழைய கேலண்டர் வகுப்பு. ஓரிரு இடங்களில் இது நல்ல முறை. செயலி முழுக்கப் பரவினால் படிக்கவே முடியாமல் போகும். இரண்டாவது, மாஸ்டர் தன் பாத்திரத்தைத் தானே கொண்டுவருவது. கோர் லைப்ரரி டிஷுகரிங் என்ற வசதியை கிரேடில் கோப்பில் இயக்கினால் ஜாவா.டைமின் ஒரு பிரதி உங்கள் செயலிக்குள்ளேயே சேர்ந்துவிடும். பழைய போனிலும் லோக்கல்டேட் வேலை செய்யும். உங்கள் செயலிக்கு இதுவே பொருத்தம். தவணை கணக்கிடும் இடத்தில் இரண்டு வழிகளை வைத்துக்கொண்டு, ஒரு போனில் 30-ஆம் தேதியும் இன்னொன்றில் 31-ஆம் தேதியும் காட்டினால் குழுக் கூட்டத்தில் பதில் சொல்ல முடியாது.

கட்டமாகத் தெரிந்த எமோஜியும் இதே கதைதான். எழுத்தின் வடிவங்களைத் தரும் எழுத்துரு போனில் இருக்கிறது, உங்கள் கோப்பில் இல்லை. நாணய எமோஜி 2020-இல் யூனிகோடில் சேர்ந்தது. யூனிகோட் என்பது உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் பொதுத் தரம். 7.0 வந்தது 2016-இல். அந்தப் போனுக்கு அந்த எண்ணுக்குரிய வடிவம் தெரியாது, ஆகவே கட்டம். தமிழிலும் இப்படி நடக்கும். முந்திரி, காணி, மா முதலிய நம் பழைய பின்னக் குறிகள் உட்பட 51 வடிவங்கள் 2019-இல்தான் யூனிகோடில் ஏறின. அவற்றைக் காட்ட நினைக்கும் செயலி தனக்கான எழுத்துருவைத் தானே சுமந்துவர வேண்டும். எமோஜிக்கும் அப்படி உதவும் நூலகம் உண்டு என்றாலும், ஒரு பொத்தானுக்காக அவ்வளவு தூரம் போகாதீர்கள். நாணயத்தைச் சின்னப் படமாக வரைந்து வைத்துவிடுங்கள்.

இனி அக்காவின் புதுப் போன். உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், ஏனென்றால் இங்கே எதுவும் காணாமல் போகவில்லை. அறிவிப்பு காட்டும் நிரல் அந்தப் போனில் இருக்கிறது. மாறியது சட்டம். ஆண்ட்ராய்டு 13 வரும்வரை செயலி தன் இஷ்டத்துக்கு அறிவிப்பு காட்டலாம். வேண்டாம் என்றால் போன்காரர்தான் போய் நிறுத்த வேண்டும். 2022-இல் வந்த 13-இலிருந்து இது தலைகீழானது. செயலி முதலில் அனுமதி கேட்க வேண்டும், கேட்காத செயலியின் அறிவிப்பைப் போன் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். உங்கள் போன் 12. அதில் இந்தச் சட்டமே இல்லாததால் நீங்கள் அனுமதி கேட்க மறந்தது தெரியவில்லை.

அனுமதி கேட்கும் நாலு வரியைச் சேர்த்தால் தீர்ந்தது. ஒன்று மட்டும் கூடவே பாருங்கள். நினைவூட்டலை நிமிஷக் கணக்கில் துல்லியமாக அடிக்கவைக்கும் அலாரம் வகையைப் பயன்படுத்தியிருந்தால், 12-இலிருந்து அதற்கும் தனி அனுமதி வேண்டும், 14-இலிருந்து புதிதாக நிறுவும் பெரும்பாலான செயலிகளுக்கு அது தானாகக் கிடைக்காது. தவணை நினைவூட்டல் காலை ஒன்பதுக்கு வந்தால் என்ன, ஒன்பதே காலுக்கு வந்தால் என்ன? வொர்க்மேனேஜர் என்ற நூலகம் அந்த வேலையைப் பழைய போன், புதுப் போன் இரண்டிலும் பார்த்துக்கொள்ளும். ஒரே பதிப்பு ஓடும் இரண்டு போன்கள்கூட இதில் வேறுபடலாம். மின்கலத்தை மிச்சப்படுத்தப் பின்னணி வேலைகளைக் கடுமையாக நிறுத்திவிடும் தயாரிப்பாளர்கள் உண்டு.

மூன்றாவது எண்ணுக்கு இங்கேதான் வேலை. டார்கெட்எஸ்டிகே என்பது, இந்தப் பதிப்புவரை உள்ள சட்டங்களைப் படித்து அதற்கேற்ப எழுதியிருக்கிறேன் என்று நீங்கள் கொடுக்கும் வாக்கு. நீங்கள் 33 அல்லது மேல் என்று எழுதியிருந்தால், சட்டம் தெரிந்தவர் என்று போன் நம்பி, அனுமதி கேட்கும் பொறுப்பை உங்களிடம் விட்டுவிடும். 32 என்று எழுதியிருந்தால், பழைய காலத்துச் செயலி என்று புரிந்துகொண்டு உங்கள் சார்பில் தானே அக்காவிடம் கேட்டிருக்கும். எழுதியவர் கைவிட்டுப் போன பழைய செயலிகளும் புதுப் போன்களில் ஓடுவது இந்த ஏற்பாட்டால்தான். அதைச் செய்தவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

அந்தச் சலுகையைக் கெட்டவர்களும் பிடித்துக்கொண்டார்கள். 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6.0-க்கு முன்பு, கேமரா, தொடர்பு எண்கள், குறுஞ்செய்தி எல்லாவற்றுக்குமான அனுமதியை நிறுவும்போதே மொத்தமாகக் கொடுத்துவிட வேண்டும். 6.0 வந்தபின் ஒவ்வொன்றையும் தேவைப்படும்போது தனியாகக் கேட்க வேண்டும் என்றானது. தீங்கு செய்யும் செயலிகள் சில, வேண்டுமென்றே டார்கெட்எஸ்டிகேயை 22 என்று எழுதிப் பழைய சட்டத்தில் ஒளிந்துகொண்டன. அதனால் 2023-இல் வந்த ஆண்ட்ராய்டு 14, இலக்கு 23-க்குக் கீழே உள்ள செயலிகளைப் புதிதாக நிறுவ விடுவதில்லை. 15 அதை 24 ஆக்கியது. ஆக எல்லை இரண்டு பக்கமும் இருக்கிறது. மிகப் புதிய செயலி பழைய போனில் ஏறாது, மிகப் பழைய செயலி புதுப் போனில் ஏறாது. கூகுள் ப்ளே கடையில் இன்னும் கெடுபிடி. 2018 முதல், கடைக்கு வரும் செயலியின் இலக்கு அண்மைப் பதிப்பாக இருக்க வேண்டும் என்ற விதி உண்டு, அந்த எண் ஆண்டுதோறும் ஏறுகிறது.

அம்மாவின் போன் ஏன் 5.1-லேயே நின்றுவிட்டது என்று கேட்கத் தோன்றும். கூகுள் புதிய ஆண்ட்ராய்டை வெளியிட்டால் போதாது. சிப் செய்பவர் தன் பகுதியைப் புதுப்பிக்க வேண்டும், அதன்மேல் போன் தயாரிப்பாளர் தன் வேலையைச் செய்து சோதித்து அனுப்ப வேண்டும். விலை குறைந்த போன்களுக்கு இந்தச் செலவைச் செய்ய யாரும் முன்வராத காலம் அது. 2017-இல் 8.0-உடன் வந்த ப்ராஜெக்ட் ட்ரெபிள், சிப் சார்ந்த பகுதியையும் மற்றதையும் பிரித்துவைத்து வேலையைக் குறைத்தது. இன்று கூகுளும் சாம்சங்கும் தங்கள் உயர்விலைப் போன்களுக்கு ஏழு ஆண்டு புதுப்பிப்பு தருவதாகச் சொல்கின்றன. அம்மாவின் போனுக்கு அதெல்லாம் வரப்போவதில்லை.

அப்படியானால் எல்லையை 22-க்கு இறக்கலாமா? உங்கள் செயலிக்கு இறக்கலாம், இறக்கவும் வேண்டும் என்பது என் கருத்து. உலகத்தில் எத்தனை சதவீதம் பேர் எந்தப் பதிப்பு வைத்திருக்கிறார்கள் என்ற அட்டவணையை ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவே காட்டும். பெரிய நிறுவனம் அதைப் பார்த்து முடிவெடுக்கட்டும். உங்கள் பயனர்கள் ஒரு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பதினைந்து பேர். அடுத்த கூட்டத்தில் ஒவ்வொருவர் போனிலும் அமைப்புகளுக்குள் 'போனைப் பற்றி' என்ற பக்கத்தைத் திறந்து பதிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். அதில் மிகச் சிறியதுதான் உங்கள் எல்லை. கணக்கை எழுதுபவரின் போனே பட்டியலுக்கு வெளியே போனால் செயலி செய்ததன் பயன் என்ன?

இறக்கும்போது ஒரு தடை வரும். ஆண்ட்ராய்டுக்கான ஜெட்பேக் நூலகங்கள் பல, 2025 முதல் தங்கள் புதிய பதிப்புகளுக்கு 23 என்று எல்லை வைக்கத் தொடங்கிவிட்டன. உங்கள் எண் அதைவிடக் குறைவாக இருந்தால் கிரேடில் செயலியைக் கட்ட மறுக்கும். அந்த நூலகங்களின் சற்று முந்தைய பதிப்பைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் கணக்கு போனுக்குள்ளேயே இருக்கும் என்ற நம்பிக்கையில் சொல்கிறேன். நாளைக்கு இணைய சர்வரில் சேமிக்க நினைத்தால் என் பதில் மாறும். போனும் சர்வரும் பேசத் தொடங்குமுன் சர்வர் தன் சான்றிதழைக் காட்டும். அதற்கு உத்தரவாதம் தரும் மூலச் சான்றிதழ் போனுக்குள் இருக்கிறதா என்று போன் பார்க்கும். ஏராளமான தளங்கள் இலவசமாகச் சான்றிதழ் பெறும் லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பின் மூலச் சான்றிதழ் 7.1.1-க்கு முந்தைய ஆண்ட்ராய்டுகளில் கிடையாது. இன்னொரு நிறுவனத்தின் கையொப்பத்தைத் துணைக்கு வைத்து 2024 வரை சமாளித்தார்கள், அதுவும் முடிந்துவிட்டது. அம்மா, தலைவி இருவர் போனும் அங்கே திணறும். சான்றிதழைச் சரிபார்க்காமல் விடும்படி நிரலை மாற்றிவிட்டால் ஓடும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள், அது ஊரார் பணக் கணக்கு. அந்த நிலை வந்தால் எல்லையை உயர்த்திவிட்டு, பழைய போன்களில் கணக்கைப் போனுக்குள் மட்டும் எழுதும் இப்போதைய செயலியையே விட்டுவையுங்கள்.

சோதிக்க நாலு போன் வாங்க வேண்டாம். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் எமுலேட்டர், அதாவது கணினித் திரையில் ஓடும் போலிப் போன், வேண்டிய பதிப்பில் அமைத்துக்கொள்ளலாம். 22, 24, 35 மூன்றும் போதும். ஒவ்வொன்றிலும் எல்லாப் பொத்தான்களையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்; கடைசியாக அம்மாவின் நிஜப் போனில்.

திருத்திய செயலியை அனுப்பும்போது ஒரு எச்சரிக்கை. ஒவ்வொரு செயலியிலும் அதை உருவாக்கியவரின் டிஜிட்டல் கையொப்பம் இருக்கும். நீங்கள் தனியாகச் சாவி எதுவும் உருவாக்காவிட்டால், ஒவ்வொரு கணினியும் தனக்கென ஒரு சோதனைச் சாவியால் கையொப்பமிடும். முதல் செயலியை வீட்டுக் கணினியிலும் திருத்தியதைக் கல்லூரி ஆய்வகத்திலும் கட்டினால் கையொப்பம் மாறிவிடும். போன் புதியதை ஏற்காது. பழையதை நீக்கிவிட்டு நிறுவச் சொன்னால், நீக்கும்போது அதுவரை எழுதிய கணக்கும் அழிந்துபோகும். ஆகவே ஒரே சாவியை உருவாக்கிப் பத்திரப்படுத்துங்கள். தலைவியின் போனில் ஏற்கெனவே கணக்கு ஏறியிருந்தால், புதியதை நிறுவும் முன் அதை ஒரு கோப்பாக வெளியே எடுத்துவைத்து, குழுவின் நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.